எட்டாவது படிக்கிற பெண்ணுக்குப் பட்டன் போன் கொடுத்தது தப்பா?

டிரெய்லர்காரன்

நான் டிரெய்லர் ஓட்டுகிறேன். மணலி யார்டில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஹார்பர் போக வேண்டும். ஜீரோ கேட் க்யூவில் நின்றபடிதான் இதைத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு திருவொற்றியூர் குப்பத்துப் பக்கம். பெண் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். மனைவிக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை, வீடு திரும்ப 9.30 ஆகும். தீபாவளி சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். பெண் டி.எச். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து வந்து, எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டினால்தான் வீடு. அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கேபினில் உட்கார்ந்துவிட்டால், இடது பக்கம் பம்பரை ஒட்டி ஒரு பிள்ளை நின்றால் தலைகூடத் தெரியாது. எத்தனை கண்ணாடி மாட்டினாலும் அந்த மூலை குருட்டு மூலைதான். நான் ஓட்டுகிறவன், அதனால்தான் பயம் அதிகம்.

ஜூன் மாதம் 1,200 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். நெட் கிடையாது. என் நம்பர், அவள் அம்மா நம்பர், இரண்டுதான். பஸ் ஏறியதும் ஒரு கால், வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒரு கால். மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளியில் பையைச் சோதனை போட்டபோது போனை எடுத்துவிட்டார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்துதான் தருவார்களாம். 2020இல் இவள் மூன்றாவது படிக்கும்போது, ஆன்லைன் வகுப்புக்கு டச் போன் வாங்கியே ஆக வேண்டும் என்று சொன்னதும் இதே பள்ளிதான். தவணையில் வாங்கினேன். இன்றைக்கும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது, அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு.

சரி, பள்ளியின் நம்பருக்கே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. எனக்கு வருகிற கால் எல்லாம் லோன் வேண்டுமா சார்தான். சாயங்காலம் நாலரை ஆனால் போதும், தினமும் ஒருத்தன் தவறாமல் அடிக்கிறான். கட் பண்ணிக் கட் பண்ணி அலுத்துவிட்டது.

பள்ளியில் போன் கூடாது என்பது பட்டன் போனுக்கும் சேர்த்துத்தானா? நான் செய்தது தப்பா?

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்

அண்ணா, தப்பில்லை. ஆனால் உங்கள் பெண் நல்ல பெண், அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

நம்முடையது செல்போன் ரிப்பேர் கடை. சில பள்ளிகளில் காலையில் வகுப்புக்கு ஒரு பெட்டி வைத்து, போனை அதில் போடச் சொல்கிறார்கள். அது தொடங்கியதிலிருந்து நம்மிடம் ஒரு புது வியாபாரம். போர்டு செத்துப்போன பழைய செட்டைக் கேட்டுப் பசங்கள் வருகிறார்கள். 150 ரூபாய். டிஸ்ப்ளே உடையாமல் இருந்தால் போதும், ஆன் ஆக வேண்டாம். பெட்டிக்குள் போவது அந்தப் பிணம், உயிரோடு இருப்பது சாக்ஸுக்குள். ஒரு பையன் அதற்கு பேக் கவர், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் போடச் சொன்னான். எதற்குடா என்றால், "மிஸ் நம்பணும்ல" என்றான்.

இப்போது விற்பதில்லை. (சத்தியமாக இல்லை.)

சாக்பீஸ்

அண்ணா, நான் ஆசிரியை. வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை என்று 19 வருடமாக இந்தப் பக்கத்துப் பள்ளிகளில்தான் வேலை. உங்கள் கோபம் புரிகிறது. வகுப்புக்குள் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நானும் சொல்கிறேன்.

சைலன்ட்டில் போட்டிருக்கிறேன் மிஸ் என்பார்கள். மரப் பெஞ்சில் வைப்ரேட் ஆனால் வண்டு குடைகிற மாதிரி சத்தம், நாற்பது தலையும் ஒரே பக்கம் திரும்பும். எடுத்துப் பார்த்தால் பாதி நாள் கூப்பிடுவது யார் தெரியுமா? அம்மாதான். மூன்றாவது பீரியடில், "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்க.

அதைக்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். போன வருடம் ஒரு பெண் வகுப்பில் தூங்கி வழிந்ததைப் படம் எடுத்து, ஸ்டிக்கர் ஆக்கி, குரூப்பில் போட்டுவிட்டார்கள். அவள் 11 நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசி அழைத்து வந்தேன். அதன் பிறகு கேமரா உள்ள எதையும் வகுப்பில் விடுவதில்லை.

பட்டன் போன் வேறு. பிரான்சில் 2018இல் சட்டம் போட்டே பள்ளியில் போனைத் தடுத்தார்கள். நம் நாட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்தில் ஒரு மாணவர் வழக்கில், அடியோடு தடை என்பது நடைமுறைக்கு ஒத்துவராது, பள்ளிக்கு வந்ததும் வாங்கி வைத்துப் போகும்போது கொடுங்கள், வகுப்பில் மட்டும் கூடாது என்கிற விதமாகச் சொன்னது. பெற்றோர் பிள்ளையைத் தொடர்புகொள்ளவும் பாதுகாப்புக்கும் போன் உதவும் என்பதையும் ஏற்றுக்கொண்டது. நம் ஊர்ப் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஹெச்.எம்.மிடம் பேசும்போது சொல்லிப் பாருங்கள். கடிதமாக எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

காலடிப்பேட்டை அம்மா

தம்பி, 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஏதோ வாயு நெடி அடித்துப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களே, நினைவிருக்கிறதா? நவம்பரில் திறந்ததும் மறுபடியும் அதே கதை. என் மகன் படிப்பது அந்தப் பள்ளி இல்லை, இரண்டு தெரு தள்ளி. கேள்விப்பட்டதும் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஓடினேன்.

கேட்டில் நின்ற எல்லார் கையிலும் போன் இருந்தது. ஒருத்தர் அமோனியா என்கிறார், ஒருத்தர் குளோரின் என்கிறார், யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போடுகிறார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. வாட்ச்மேன் தாத்தா மதில் மேல் ஏறி, "உங்க புள்ளைங்க எல்லாம் கிரவுண்டுல உக்காந்திருக்குது, நான் பாத்துட்டுதான் வரேன்" என்று கத்தினார் பாருங்கள், அப்போதுதான் மூச்சு வந்தது.

பிள்ளைக்குப் போன் கொடுக்காவிட்டால் போகட்டும். பள்ளியில் கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆள் வேண்டாமா? நீங்கள் அதைக் கேட்டு எழுதுங்கள் தம்பி.

பிளஸ் டூ முடிச்சவன்

எங்கள் ஸ்கூல் எதிரில் ஜெராக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு 10 ரூபாய் கொடுத்தால் போன் வைத்துக்கொள்வார்கள், டோக்கன் உண்டு. சார்ஜ் போட 5 ரூபாய் தனி. இதற்கு ஏன் அங்கிள் கோர்ட் வரைக்கும் போகிறீர்கள்?

டிரெய்லர்காரன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஒரு டிரிப்பை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பேட்டா போனதுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

டீச்சரம்மா சொன்ன மாதிரி கடிதம் எழுதிப் போயிருந்தேன். காலடிப்பேட்டை அக்கா சொன்னதையும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ஹெச்.எம். தன்மையாகத்தான் பேசினார். போனைக் கையோடு கொடுத்துவிட்டார். காலையில் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார். சந்தோஷமாக வெளியே வந்து கிளார்க்கிடம் கேட்டால், ஆபீஸ் பூட்டுவது 4 மணிக்கு, பிள்ளைகளுக்குப் பெல் அடிப்பது 4.10க்கு. அதற்கு என்ன வழி என்று பார்த்துச் சொல்கிறார்களாம். மணி அடிக்கிற லேண்ட்லைன் பக்கத்து அறையில் இருக்கிறதாம், அந்த அறைக்குச் சாவி வேறொருவரிடம். அதையும் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

ராத்திரி வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் நிமிர்ந்து பார்த்து, "அதான் நான் டெய்லி சொல்றேனேப்பா" என்றாள்.

என்ன சொல்கிறாய் என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு அக்கா பூக்கட்டி விற்கிறார். போனைப் பிடுங்கிய மறுநாளிலிருந்து அவர் போனில் எனக்கு ஒரு கால் அடித்துவிட்டுத்தான் இவள் பஸ் ஏறுகிறாள். நாலரைக்கு.

"எடுத்துப் பேசணும்னுதான் இருந்தேன். நீங்க உடனே கட் பண்ணீங்க. அக்கா காசு வீணாகக் கூடாதுன்னு பண்றீங்க, புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

அந்த நம்பரை இப்போது 'பூக்கார அக்கா' என்று சேமித்திருக்கிறேன். இன்றைக்கு 4.32க்கு வந்தது. க்யூவில்தான் இருந்தேன். ஒரு ரிங் முழுக்க விட்டுக் கட் பண்ணினேன். எக்ஸ்பிரஸ் ரோடு தாண்டியதைச் சொல்ல இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும், அந்த முனையில் ஒரு டீக்கடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறேன். வண்டி நகருகிறது, அப்புறம் வருகிறேன்.