மறு: சீற்றைல் அற்ககோலுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

கிறீம்களில் சேர்க்கிற மெழுகு போன்ற பொருளான சீற்றைல் அற்ககோலுக்கு (cetyl alcohol) இங்கே முன்மொழிந்த 'கொழுப்பு மதுசாரம்' வேண்டாம். இரசாயனவியல்படி பிழையில்லை, ஆனால் வன்னியில் மதுசாரம் என்றால் குடிக்கிற சாமான்தான். கிளிநொச்சியில் பாமசியில் நிற்கிற எனக்கு இந்தத் தலையிடி பழகிப்போனது. வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் வயலுக்குப் போகிறவர்களின் குதிக்கால் வெடிக்கும். கிறீம் கொடுத்துவிட்டால், பெட்டியை வாசித்த மகள் மறுநாள் திருப்பிக்கொண்டு வருவாள்: "இதில அற்ககோல் கிடக்கு, தோல் இன்னும் காயும்."

தோலைக் காயவைப்பது சாராயத்தில் இருக்கிற எதனோல். இரண்டே காபன் அணு, பூசியதும் ஆவியாகிவிடும், தோலின் எண்ணெய்ப்பசையையும் கரைத்துக்கொண்டு போகும். சீற்றைலில் 16 காபன். வெள்ளைச் செதில், ஏறக்குறைய 50 பாகை செல்சியசில்தான் உருகும். கிறீமில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கத் துணைநிற்பதும், அதற்குத் தடிப்புக் கொடுப்பதும், தோலில் படலமாகத் தங்கி ஈரம் போவதைக் குறைப்பதும் இதுதான். அமெரிக்காவில் 'அற்ககோல் இல்லை' என்று எழுதிய பூச்சில்கூட இது இருக்கலாம். அங்கே அந்த வாசகம் எதனோலை மட்டுமே குறிக்கும்.

மதுரை ஐயா சொன்ன 'திமிங்கல மெழுகுச்சாரம்' வரலாற்றுப்படி சரி. 1817இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரல் திமிங்கல மெழுகிலிருந்துதான் இதைப் பிரித்தார், சீற்றைல் என்ற பெயரும் திமிங்கலத்தால் வந்தது. ஆனால் இப்போது பெரும்பாலும் பாம் எண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் இருந்தல்லவா எடுக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை விரதக்காரர் திமிங்கலம் என்று வாசித்தால் அந்தக் கிறீமும் கடைக்குத் திரும்பிவிடும்!

என் முன்மொழிவு: மெழுகற்ககோல். பள்ளிக்கூடத்தில் படித்த 'அற்ககோல்' கெடவில்லை, ஆவியாகிற சாமான் இல்லை என்பதை முன்னால் நிற்கிற மெழுகு சொல்லிவிடும். சீற்றைலை மெழுகற்ககோல்-16 என்றும், 18 காபன் உள்ள ஸ்ரியரைல் அற்ககோலை மெழுகற்ககோல்-18 என்றும் எழுதலாம். இரண்டும் சேர்ந்த கலவைதான் கிறீம்களில் அதிகம்.

விளக்கக் குறிப்பில் 'முற்றிலும் பாதுகாப்பானது' என்று மட்டும் போடாதீர்கள். பொதுவாகப் பயமில்லாத பொருள், 1988இல் வெளியான அமெரிக்க ஒப்பனைப் பொருள் மதிப்பாய்வும் அப்படித்தான் முடிவு சொன்னது. என்றாலும் அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும், அதுவும் காலில் நாட்பட்ட புண்ணோ எக்சிமாவோ இருப்பவர்களுக்கு. அப்படியானவர் பூசிய இடம் சிவந்து அரித்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

லனோலின் அற்ககோலும் மெழுகற்ககோல் என்ற பெயருக்குள் வருமா என்று வவுனியா ரீச்சர் கேட்டிருந்தார். சேர்க்க வேண்டாம். அது செம்மறியின் உரோமக் கொழுப்பிலிருந்து வருவது, கொலஸ்திரோலும் கலந்தது. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.