பன்றிக்கறியின் தோல் மொறுமொறுப்பாக வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

காட்பாடிவாசி:
அனைவருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தோலோடு கூடிய பன்றி வயிற்றுக்கறியை ஓடிஜி என்னும் மின்சார அடுப்பில் முழுத் துண்டாகச் சுடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒன்றரை கிலோ துண்டை 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கிறோம். கறி நன்றாக வெந்துவிடுகிறது. தோல் மட்டும் ஓரங்களில் பொரிந்தும், நடுவில் பல்லுக்கு மசியாமல் இறுகியும் போகிறது. சூட்டைக் கூட்டுவதா, நேரத்தை நீட்டுவதா, எண்ணெய் தடவுவதா? மேலும், பன்றிக்கறியில் நாடாப்புழு இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது?

ராணிப்பேட்டை அன்பர்:
தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவன் என்பதால் தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நேரமும் வேண்டும், சூடும் வேண்டும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும்.

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். பதனிடாத பச்சைத் தோலை நீரிலிட்டுச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரிக்குள் சுருங்கி இறுகிவிடும். குரோமியம் உப்பால் பதனிட்ட தோலோ கொதிநீரிலும் சுருங்காமல் நிற்கும். உங்கள் அடுப்பில் நடப்பது அந்த முதல் சுருக்கம்தான். அந்த நிலையிலேயே ஈரம் வற்றிவிட்டால், தோல் அப்படியே காய்ந்து கட்டியாகிவிடுகிறது. ஈரம் இருக்கும்போதே நெடுநேரம் மிதமாக வேகவிட்டால், கொலாஜன் இளகி ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் உறைவது இந்த ஜெலட்டினால்தான். அப்படி இளகிய தோலை உலர்த்தி, பிறகு கடுஞ்சூட்டில் வைத்தால், உள்ளே எஞ்சிய சிறிதளவு நீர் ஆவியாகித் தோலை உப்பச் செய்யும். அந்தக் குமிழ்கள்தான் நீங்கள் தேடும் மொறுமொறுப்பு.

ஆகவே, முதலில் தோல் பக்கம் கீழே இருக்குமாறு கறியை வைத்து, தோல் மூழ்கும் அளவு நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவையுங்கள். எடுத்துத் துடைத்து, கூரிய ஊசியால் தோலை நெருக்கமாகக் குத்துங்கள். ஊசி கறிவரை இறங்கினால் சாறு மேலேறித் தோலை நனைத்துவிடும். உப்பைத் தேய்த்து, மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நகத்தால் தட்டினால் ‘டக்’கென்று ஓசை வர வேண்டும். பிறகு 160 டிகிரியில் ஒரு மணி நேரம், முடிவில் 230 டிகிரியில் இருபது முதல் முப்பது நிமிடம் வைத்தால் போதும். அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் அடுப்பை விட்டு அகலாதீர்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். தோலுக்கு எண்ணெய் தேவையில்லை.

அரக்கோணம் சமையலறை:
ஐயா சொன்னது முற்றிலும் சரி. ஓரம் பொரிந்து நடு இறுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, தம்பி. கறி வேகும்போது வளைந்து நடுவில் குழி விழும். உருகிய கொழுப்பும் சாறும் அங்கே தேங்கிவிடும். அலுமினியத் தாளைச் சுருட்டி, குழி விழும் இடத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்து, தோலின் பரப்பைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓடிஜி இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். வேகவைத்துக் காயவைத்த தோலைச் சிறு சதுரங்களாக நறுக்கி, அடிகனமான வாணலியில் மிகச் சிறு தீயில் வைத்தால் அதன் கொழுப்பே உருகி வரும். துண்டுகள் மெல்ல நிறம் தெளிந்து சுருங்கும். அவற்றை வடித்து ஆறவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இரண்டு மூன்றாகப் போடுங்கள். அடியில் அமிழ்ந்தவை சட்டென்று மேலெழும்பி உப்பும். ஈரம் துளி இருந்தாலும் எண்ணெய் தெறிக்கும் என்பதால், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். மிளகுத்தூளும் உப்பும் சூட்டோடு தூவினால்தான் ஒட்டும்.

வேலூர் செவிலியர்:
பெரியவர்களின் அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. சரியாக வேகாத கறியிலுள்ள நாடாப்புழுவின் இளம்பருவம் உடலுக்குள் சென்றால், குடலில் நாடாப்புழுவாக வளரும். மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் நோய் வேறு வழியில் வருகிறது: புழுவுள்ள மனிதரின் மலத்தில் வெளிப்படும் முட்டைகள், அசுத்தமான நீர், கழுவாத கீரை, கழுவாத கைகள் மூலம் வயிற்றுக்குள் போவதால் அது உண்டாகிறது. பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் அது வரலாம் என்பதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். கறியில் அரிசி அளவிலான வெண்ணிறக் கொப்புளங்கள் தென்பட்டால் வாங்காதீர்கள். கறியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தாண்டினால் புழு பிழைக்காது. மேலே சொன்ன முறையில் அதைவிட அதிகமாகவே சூடேறிவிடும்.

காட்பாடிவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாலையில் சுட்டதை இரவு விருந்துவரை எப்படி வைத்திருப்பது? மழைக்காலக் காற்றில் தோல் நமத்துப்போகுமே?

அரக்கோணம் சமையலறை:
மூடி மட்டும் போடாதீர்கள். கறியின் ஆவியே தோலை நமக்கச் செய்துவிடும். கம்பித்தட்டில் வைத்திருந்து, பரிமாறுவதற்கு முன் 200 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் சூடேற்றுங்கள். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தோலின் மேல் ஊற்ற வேண்டாம்.