ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக இருந்தால் டர்போவுக்கு வாரண்டி கிடையாதா?

குடியாத்தம் லோடு:
நேற்று இங்கே செகண்ட்ஸ் கிங் என்பவர், "வாரண்டி மிச்சமிருக்கிற பழைய பிக்கப் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், எது போனாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தார். படித்ததும் வயிறு எரிந்தது. நானும் அப்படிக் கண்ணை மூடியவன்தான்.

2023 ஆகஸ்டில் பதிவான டீசல் பிக்கப். மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. வாங்கும்போது மீட்டரில் 58,000. ஃபார்ம் 29, 30 கொடுத்து ஆர்சி என் பெயருக்கு வந்துவிட்டது. இந்த சீசனில் மாங்காய் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு கிளம்பினேன். பள்ளிகொண்டா தாண்டியதும் விசில் சத்தம். வேலூர் வருவதற்குள் பின்னால் நீலப் புகை, வண்டி இழுக்கவே இல்லை. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ போய்விட்டது.

ஷோரூமில் வண்டியைத் தூக்கினார்கள். டர்போவைக் கழற்றுவார்கள் என்று பார்த்தால் பின்பக்கம் போய், பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார்கள். "ஒரு பட்டை கூடுதல், வாரண்டி கிடையாது." எஸ்டிமேட் 46,000 ரூபாய். பட்டை போட்டது முதல் ஓனர். பட்டைக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்?

செகண்ட்ஸ் கிங்:
நான் எழுதியதை முழுதாகப் போடுங்கள் சார். "சர்வீஸ் ரெக்கார்டு பார்த்துவிட்டு" என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். அப்புறம், பட்டை எண்ணத் தெரியாமல் லோடு வண்டி வாங்கியது என் தப்பா?

டீசல் பெரியவர்:
31 வருடமாகக் காட்பாடியில் டீசல் வண்டிக்கு ஸ்பேனர் பிடிக்கிறேன். பட்டை தின்று செத்த டர்போவை இன்றுவரை பார்த்ததில்லை.

டர்போவின் உள்ளே இருக்கிற ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அது மிதப்பது ஆயிலில். ஆயில் குறைந்தாலோ, கெட்டியாகிக் கரி பிடித்தாலோ, தப்பான ஆயில் ஊற்றினாலோ ஷாஃப்டைத் தாங்குகிற புஷ் தேயும், ஷாஃப்ட் ஆடும், விசில் வரும். சீல் போனதும் ஆயில் உள்ளே போய் எரியும், அதுதான் நீலப் புகை. மேட்டில் இழுத்து வந்த வண்டியை நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி ஆஃப் செய்வார்கள் பாருங்கள், அவர்கள் எல்லோரும் எனக்கு வேலை கொடுக்கிற புண்ணியவான்கள். இதில் பட்டை எங்கே வந்தது?

ராணிப்பேட்டை 73:
பட்டை எங்கே வந்ததா? லோடில் வந்தது. பஞ்சு மூட்டை ஏற்றுகிறவன் பட்டை போடமாட்டான். ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றுகிறவன்தான் போடுவான். அந்த லோடோடு இன்ஜின் நாள் முழுக்க முழு டர்போ அழுத்தத்தில் ஓடும். சூட்டில் ஆயில் வெந்து டர்போ போகும். கம்பெனி செய்தது சரிதான். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-இல் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 அபராதம் என்பது பெரியவருக்கும் தெரியும்.

டீசல் பெரியவர்:
பட்டை போட்டவனெல்லாம் ஓவர்லோடு அடித்தான் என்றால், குடை வைத்திருப்பவனெல்லாம் மழையில் நனைந்தவனா? அவன் எத்தனை டன் ஏற்றினான் என்று எடைமேடைச் சீட்டு உங்களிடம் இருக்கிறதா?

பட்டை என்னென்ன கெடுக்கும் என்று நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கம் உயரும். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறும். அதிலிருக்கிற ஜாயின்ட் கிராஸும் சென்டர் பேரிங்கும் சீக்கிரம் போகும். இதைவிட மோசம் பிரேக். லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு பல பிக்கப்களில் உண்டு. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அதற்கு லோடு தெரியும். பட்டை போட்டுத் தூக்கி நிறுத்தினால், முதுகு ஒடிய ஏற்றினாலும் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ஜமுனாமரத்தூர் மலையில் இறங்கும்போது அந்த அருமை புரியும்.

அதைச் சொல்லி கிராஸுக்கு வாரண்டி மறுக்கட்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன். டர்போவுக்கு மறுப்பது அநியாயம்.

கருப்புக் கோட்டு:
ஒரு நிமிடம். எல்லோரும் வாரண்டி வாரண்டி என்கிறீர்கள், எந்த வாரண்டி? வண்டி தயாரித்தவர் எழுத்தில் கொடுத்ததா, விற்ற புரோக்கர் வாயால் சொன்னதா? குடியாத்தம் நண்பர் மூன்று விஷயம் சொல்லுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்கினீர்களா? புத்தகத்தில் "மாற்றம் செய்தால் முழு வாரண்டியும் ரத்து" என்று இருக்கிறதா, "அந்த மாற்றத்தால் கெட்ட பாகத்துக்கு மட்டும்" என்று இருக்கிறதா? சர்வீஸ் எல்லாம் கம்பெனியில்தான் நடந்ததா?

லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய மட்டும் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

குடியாத்தம் லோடு:
ஒரே வண்டி, ஓட்டுவதும் நான்தான் சார். மறுப்பு வாயால் சொன்னதுதான். புத்தகம் வண்டியோடு வரவில்லை. சர்வீஸ் 20,000 வரை கம்பெனியில் இருக்கிறது, அப்புறம் 50,000-க்குத்தான் அடுத்த பதிவு. நடுவில் முதல் ஓனர் வெளியில் ஆயில் மாற்றினாராம். அது கிடக்கட்டும், பட்டைக்குப் பதில் சொல்லுங்கள்.

செகண்ட்ஸ் கிங்:
"அது கிடக்கட்டும்"! முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு பில் இல்லை, அது கிடக்கட்டுமாம். நான் சொன்ன ஒரு வார்த்தை இதுதான் சார்.

கருப்புக் கோட்டு:
உங்கள் கேஸே அங்கேதான் இருக்கிறது. என்ன ஆயில் ஊற்றினார்? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 புகை விதிப்படியான டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில்தான் ஊற்றவேண்டும் என்று புத்தகத்திலேயே...

டீசல் பெரியவர்:
வக்கீல் சார், ஆயில் பாடம் எனக்கு வேண்டாம். சாம்பல் போய் அடைப்பது சைலன்சர் பக்கம் இருக்கிற ஃபில்டரை. டர்போவைக் கொல்வது கரி, நேரத்துக்கு ஆயில் மாற்றாத கரி. ஷோரூம்காரன் ஆயிலைச் சொல்லி மறுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவன் சொன்னது பட்டை. சொன்ன காரணத்துக்குத்தான் பதில். பட்டை டர்போவைக் கெடுக்காது. கெடுக்காது. கெடுக்காது.

ராணிப்பேட்டை 73:
மூன்று தடவை சொன்னால் உண்மையாகிவிடுமா? போன வருடம் என் வண்டி இன்ஜெக்டருக்கும் இதே பெரியவர்தான், "கழுவி மாட்டினால் போதும், கழுவினால் போதும்" என்றார். பத்தாவது நாள் வாலாஜாவில் கட்டியிழுத்து வந்தேன்.

டீசல் பெரியவர்:
கழுவச் சொன்னேன். டேங்கில் தண்ணீர் கலந்த டீசலை வைத்துக்கொண்டு கழுவச் சொன்னேனா? ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு எதற்கு, அழகுக்கா? இதற்குத்தான் சொல்கிறேன், அந்தப் பக்கத்து ஆட்கள் வண்டி வாங்குவார்கள், வண்டியைப் பார்க்கமாட்டார்கள்.

ராணிப்பேட்டை 73:
அந்தப் பக்கமா? 2019 வரைக்கும் நாங்களும் உங்கள் ஜில்லாதான் ஐயா. பிரிந்ததும் அந்நியனாகிவிட்டோமா? சிப்காட்டில் ஓடுகிற வண்டிகளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஆம்பூரான்:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். எங்கள் தாத்தா சொல்வார், வேலூரில் கோட்டை இருக்கு ராஜா இல்லை, ஆறு இருக்கு தண்ணீர் இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை என்று. இப்போது வாரண்டி இருக்கு டர்போ இல்லை என்று சேர்த்துக்கொள்ளலாம்.

கருப்புக் கோட்டு:
உங்கள் தாத்தாவின் தகவல் பழசு. ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதை உங்கள் ஊர் ஆட்களே பாலத்தில் நின்று வீடியோ எடுத்தார்கள்.

ஆம்பூரான்:
பழமொழிக்குமா சார் வாய்தா?

செகண்ட்ஸ் கிங்:
பாலாறு இருக்கட்டும். என்மேல் சொன்ன பழிக்கு யாராவது பதில் சொல்வீர்களா? வாரண்டி முதல் விற்பனைத் தேதியிலிருந்து ஓடும், நாம் வாங்கிய தேதியிலிருந்து இல்லை என்றும் நான்தான் எழுதினேன். அதற்கு ஒரு நன்றி இல்லை.

டீசல் பெரியவர்:
நன்றியா? "கண்ணை மூடிக்கொண்டு" என்று எழுதின கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். வண்டி வாங்குகிறவன் காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போகணும். ஸ்டார்ட் போட்டதும் புகை நிறம் பார்க்கணும். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து காற்று குப்பென்று அடிக்கிறதா பார்க்கணும். டர்போ ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா தொட்டுப் பார்க்கணும். பின்னால் குனிந்து பட்டை எண்ணணும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையா இது?

ராணிப்பேட்டை 73:
ஆ! பட்டை எண்ணணும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். டர்போவுக்குச் சம்பந்தமில்லை என்றால் எதற்கு எண்ணணும்?

டீசல் பெரியவர்:
பிரேக்குக்கு! மேலே எழுதியதைப் படிக்கவில்லையா? உங்களுக்குப் பதில் எழுதுகிற நேரத்தில் இரண்டு கிளட்ச் இறக்கியிருப்பேன்.

குடியாத்தம் லோடு:
அண்ணே, யாரும் கோபப்படாதீர்கள். இன்று காலையில் அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டேன். சென்டர் போல்ட் வரவே இல்லை, வெட்டித்தான் எடுத்தோம். இனி ஷோரூம்காரன் எதை எண்ணுகிறான் பார்க்கிறேன்.

கருப்புக் கோட்டு:
கழற்றிவிட்டீர்களா? எழுத்தில் மறுப்பு வாங்குவதற்கு முன்னாலேயா? இனி "ஓவர்லோடை மறைக்கப் பட்டையைக் கழற்றிவிட்டார்" என்பார்கள். ஃபோட்டோவாவது எடுத்தீர்களா?

ராணிப்பேட்டை 73:
சம்பந்தமே இல்லாத பட்டை என்றால் ஏன் கழற்றினீர்கள்? மனசுக்குத் தெரிந்திருக்கிறது.

டீசல் பெரியவர்:
தம்பி, கழற்றியது நல்லது, அவர்கள் பேச்சை விடு. அந்தப் பட்டை எத்தனை மில்லி தடிமன்? எட்டா, பத்தா? எட்டு என்றால் என் கணக்கில் அது ஓவர்லோடுக்குப் போட்டதாக இருக்காது, தளர்ந்த பழைய பட்டையைத் தாங்கப் போட்டதாகத்தான் இருக்கும். அங்கேயே முடித்துவிடலாம் இவர்கள் கதையை.

ராணிப்பேட்டை 73:
பத்தாகத்தான் இருக்கும்.

குடியாத்தம் லோடு:
மாப்பிள்ளை கேலிப்பர் எடுத்துவரப் போயிருக்கிறான். வந்ததும் அளந்து போடுகிறேன்.