'ரகசியத் தோட்டம்' நாவலின் நான்காம் அத்தியாயத்தைப் பிள்ளைகளிடம் எப்படிப் படிப்பது?

வாசகர் வட்டப் பொறுப்பாளர்:

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருடன் வாசகர் வட்டம் நடத்துகிறேன். பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் 'ரகசியத் தோட்டம்' (1911) நாவலை, ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படித்து உடனே தமிழில் சொல்லி, மெல்ல வாசித்து வருகிறோம். இந்தியாவில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி மேரி, காலராவில் பெற்றோரை இழந்து, இங்கிலாந்தின் யார்க்‌ஷயருக்கு வந்து சேரும்வரை எல்லோரும் ஆவலாகக் கேட்டார்கள். இந்தியாவிலிருந்து வருபவள் கறுப்பாக இருப்பாள் என்று எண்ணியதாகப் பணிப்பெண் மார்த்தா சொன்னதும், மேரி வெகுண்டு, அந்த நாட்டு மக்கள் மனிதர்களே அல்லர், சலாம் போட வேண்டிய வேலைக்காரர்கள் என்று கத்துகிறாள். அவ்வரிகளைத் தமிழில் சொல்லாமல் நான் தாண்டிவிட்டேன். புத்தகத்தைக் கூடவே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். மேரியை வளர்த்த ஆயாவுக்குப் பெயரே கிடையாதா என்றும் கேட்டாள். இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. அடுத்த வாரம் என்ன செய்யட்டும்?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, விட்ட வரிகளை அடுத்த வாரம் முதல் வேலையாகப் படித்துவிடுங்கள். கோபம் வந்தால் ஆயாவைக் கன்னத்தில் அறைவது மேரியின் வழக்கம். மார்த்தாவை அறைந்தால் என்ன செய்வாள் என்று அதே அத்தியாயத்தில் அவள் யோசிக்கிறாள். இருவருமே வேலைக்காரிகள்தாம், ஆனால் ஒருத்தி வாங்கிக்கொள்வாள், மற்றொருத்தி திருப்பிக் கொடுத்துவிடக்கூடும் என்ற ஐயம் மேரிக்கு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளையே கேளுங்கள். வரியைத் தாண்டினால் இந்தக் கேள்வியையும் தாண்டிவிடுகிறோம்.

ஆயாவுக்குப் பெயர் உண்டு. முதல் அத்தியாயத்தில் சைடி என்று வருகிறது. அவள் திரும்பி வந்ததும் என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று மேரி முணுமுணுக்கும் இடத்தில். அவளுக்கு முந்தின இரவே காலரா கண்டுவிட்டது என்பது அப்போது மேரிக்குத் தெரியாது, அன்று காலையே அவள் இறந்துவிடுகிறாள். அந்தச் சிறுமிக்கு இப்பக்கத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்:

நானும் என் மகளும் இந்நாவலைச் சேர்ந்து படித்தோம். பதின்மூன்றாம் அத்தியாயத்தில், உறக்கம் வராத தன் அத்தை மகன் கோலினின் கையைத் தடவிக்கொடுத்து, ஆயா தனக்குச் செய்ததைப் போலவே, இந்துஸ்தானியில் ஒரு பாட்டை மேரி மெல்ல முனகுகிறாள், அவனும் உறங்கிவிடுகிறான். யாருமே அன்பு காட்டாத குழந்தை என்று நாவலாசிரியை சொல்லிக்கொண்டே வருகிறார், ஆனால் தாலாட்டத் தெரிந்த குழந்தையை யாரோ தாலாட்டியிருக்கிறார்கள் அல்லவா? அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

பொதுச் சுகாதாரத் துறைப் பணியாளர்:

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். இந்தியா என்றால் வெக்கையும் நோயும், யார்க்‌ஷயரின் காற்று என்றால் ஆரோக்கியம் என்ற பிரிவினை நாவல் நெடுகிலும் ஓடுகிறது. ஆனால் காலரா மண்ணைப் பார்த்து வருவதில்லை, கழிவு கலந்த குடிநீரில் வருகிறது. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியிலேயே காலராவால் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் அடிகுழாயை மருத்துவர் ஜான் ஸ்னோ சுட்டிக்காட்டியதும் அப்போதுதான். அந்த வரைபடத்தை அச்சிட்டுக் கொண்டுபோனால் பிள்ளைகள் தாங்களே அடிகுழாயைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசகர் வட்டப் பொறுப்பாளர்:

மூவருக்கும் நன்றி. விட்ட வரிகளைச் சனிக்கிழமை அந்தச் சிறுமியையே படிக்கச் சொல்லி, பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, சைடியின் பெயர் இருக்கும் பக்கத்தை எல்லோரும் தேடப்போகிறோம். தாலாட்டுப் பகுதியை முன்கூட்டியே சொல்லப்போவதில்லை. பதின்மூன்றாம் அத்தியாயம் வரும்போது யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.