சேடில் வேட்டைக்குப் பை: எது முதலில் வெளியே வரணும்?

தொடங்கியவர், மிச்சிகன்

சேடில் வேட்டை என்றால் மரத்தில் ஏறி, இடுப்பில் கட்டிய சேடில் என்கிற வார்ப்பட்டையில் சாய்ந்தபடி மானுக்குக் காத்திருப்பது. அதற்குப் பை வாங்கப் போகிற ஆள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் சாமான் மொத்தத்தையும் கூடத்துத் தரையில் பரப்புங்கள். மரத்தடிக்குப் போனதும் எது முதலில் கைக்கு வரணும், எது கடைசியில் என்று வரிசையாக வையுங்கள். அந்த வரிசையைக் கெடுக்காத பைதான் நல்ல பை.

வரிசை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். சேடிலை இடுப்பில் கட்டித் தொடைப்பட்டையை இறுக்குவது. லைன்மேன் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பின் இரண்டு வளையங்களிலும் மாட்டுவது. பிறகு ஸ்டிக் (மரத்தில் கட்டி ஏறுகிற படிக்கம்பு), ஒவ்வொன்றாக. உச்சியில் பிளாட்ஃபார்ம், அதாவது கால் வைத்து நிற்கிற சின்னத் தட்டு. அதில் கால் வைக்கும் முன் டெதர் என்கிற தாங்குகயிறு: தலை உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டி, சேடிலின் பிரிட்ஜை (முன்பக்கக் கயிற்று வளைவு) அதில் மாட்டி, உடம்பு எடையைச் சாய்த்துப் பார்த்த பிறகே லைன்மேன் கயிறு கழலணும். வில்லும் பையும் அதற்கு அப்புறம்தான் இழுகயிற்றில் மேலே வரும்.

ஆக, லைன்மேன் கயிறும் டெதரும் முதுகுப் பைக்குள் போகவே கூடாது. பையைக் கீழே விட்டு ஏறிய ஆள் 6 மீட்டர் உயரத்தில் டெதரைத் தேடினால், அது கீழே பைக்குள் இருக்கும். லைன்மேன் கயிறு ஏறும்போது இரண்டு கையையும் விடுவிக்கிற கயிறு, அவ்வளவுதான். கால் நழுவினால் அது மரத்தோடு உரசிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால் இந்த இரண்டு கயிற்றுக்கும் சேடிலின் இரு பக்கமும் வாய் அகன்ற சின்னத் துணிப்பைகள் தனியாக வேண்டும். கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள், இருட்டில் சிக்கு விழும். ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தால் அதே ஒழுங்கில் வெளியே வரும். காரபீனர் (உலோகக் கொக்கி) உள்ள முனை கடைசியில், மேலாக.

இன்னொன்று. எங்கள் மாநிலத்தின் பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கிற ஆணியோ திருகுப் படியோ கூடாது. எல்லாமே பட்டையும் கயிறுமாகத்தான் கட்டணும். ஸ்டிக்குக்கு ஒன்று, பிளாட்ஃபார்முக்கு ஒன்று, வில் மாட்ட ஒன்று என்று பட்டைகளே ஒரு மூட்டை சேர்ந்துவிடும். பை பார்க்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.


பென்சில்வேனியா உறுப்பினர்

எடைக்கணக்கைச் சொல்லிடறேன். 50 செ.மீ. ஸ்டிக் நாலு, பட்டையோட 3.5 – 4 கிலோ. பிளாட்ஃபார்ம் 1.5 – 2.5. சேடில், கயிறு, காரபீனர் எல்லாம் சேர்ந்து 2. தண்ணீர் 1. நவம்பர் குளிருக்கான மேலுடுப்பும் கால்சட்டையும் 2.5 – 3. டார்ச், கத்தி, தூரமானி, சாப்பாடு 1. வில் சேராம 11.5-லிருந்து 13.5 கிலோ. பையோட சொந்த எடை இதுக்கு மேல.

இதுல ஸ்டிக்கும் பிளாட்ஃபார்மும் பைக்கு வெளியே கட்டறது. கயிறு சேடில்ல. அப்ப லிட்டர் யாருக்குன்னா, உடுப்புக்குத்தான். செப்டம்பர் கடைசியிலயும் அக்டோபர்லயும் 20 – 25 லிட்டர் தாராளம். நவம்பர் பாதிக்கு மேல பஞ்சு அடைச்ச உடுப்பு வந்துட்டா 35 – 40 இல்லாம முடியாது. இங்க கடைச்சீட்டுல கன அங்குலத்துல போட்டிருப்பான்: 1,000 கன அங்குலம் 16.4 லிட்டர், 2,200-ன்னா 36 லிட்டர்.

குளிருடுப்பைப் போட்டுக்கிட்டே நடந்துட்டா சின்னப் பையே போதுமேன்னு தோணும். ஒரு கிலோமீட்டர் மேட்டுல 14 கிலோவைச் சுமந்து நடந்தா உள்பனியன் நனைஞ்சிடும். மரத்துல அசையாம உட்கார்ந்த அரை மணியில அந்த ஈரம் முதுகைக் குத்தும். அதனால உடுப்பு பைக்குள்ளதான். வருஷம் பூரா ஒரே பை வேணும்னா 35 லிட்டர் எடுத்து, பக்கப் பட்டைகளால இறுக்கிச் சின்னதாக்குங்க. தளதளன்னு ஆடற பாதிப் பை நிரம்பின பையை விட மோசம்.

துப்பாக்கி சீசன்ல ஒரு விஷயம் கவனிக்கணும். எங்க மாநிலத்துல தலை, மார்பு, முதுகு மூணும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் சுத்திவர எங்கிருந்து பார்த்தாலும் தெரியணும். முதுகுல பையை மாட்டின உடனே முதுகு ஆரஞ்சு போச்சு. பைக்கு மேல போடற ஆரஞ்சு உறை ஒண்ணு மடிச்சு வெளி ஜிப்புக்குள்ள எப்பவும் இருக்கட்டும்.


ஒஹையோ உறுப்பினர்

கட்டுகிற இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாரம் முதுகெலும்பிலிருந்து விலக விலக தோளைப் பின்னால் இழுக்கும். நிரம்பிய பைக்கு வெளியே, முதுகிலிருந்து 30 செ.மீ. தள்ளி 2 கிலோ பிளாட்ஃபார்மைத் தொங்கவிட்டால் அது நடையில் 2 கிலோவாக இருக்காது. உடம்பு தானாக முன்னால் வளையும்.

முதுகுச் சட்டத்துக்கும் (ஃப்ரேம்) பைக்கும் நடுவே இடைவெளி திறக்கிற பை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். இறைச்சி சுமக்கச் செய்த இடைவெளி அது. தட்டையான பிளாட்ஃபார்ம் அதில் அழகாக நுழையும், மரத்தைக் கவ்வுகிற பல்லுள்ள பக்கம் சட்டத்தைப் பார்க்க. பையின் துணியைப் பார்த்தால் ஒரே சீசனில் ஓட்டை விழும். ஸ்டிக்குகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஒரே கட்டாக்கி, பையின் நடுவில் செங்குத்தாக வையுங்கள். பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்தால் எடை சமமாகும், ஆனால் அகலம் கூடிப் புதரில் மாட்டும். குறுக்காகக் கட்டுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கட்டின் மேல்முனை தலைக்கு மேலே போகக் கூடாது. கிளையில் இடிக்கும்போது நமக்குத் தெரியாது, மானுக்குத் தெரியும்.

பையோடு வருகிற இறுக்குப் பட்டைகள் பெரும்பாலும் துணிப் போர்வை கட்டுகிற நீளம்தான். நாலு ஸ்டிக்கைச் சுற்றி வராது. 60 செ.மீ.க்கு மேல் நீளமான ரப்பர் பட்டை இரண்டு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வோய்ல் வகைப் பட்டை கையுறையோடும் போடலாம், கழற்றலாம்.

செலவு வேண்டாம் என்பவர்களுக்கு: அமெரிக்க ராணுவம் 1970களில் எடுத்துக்கொண்ட ஆலிஸ் பையின் அலுமினியச் சட்டம் பழைய ராணுவச் சாமான் கடையில் கிடைக்கும். எதையும் அதில் கட்டலாம். ஆனால் குழாய்மேல் ஸ்டிக் பட்டால் கோயில் மணிதான். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்துக் குழாயில் சுற்றுங்கள்.


விஸ்கான்சின் உறுப்பினர்

சத்தத்துக்கு என் மார்க் பாதி. வெளித்துணி கரகரவென்ற கோர்டுரா எனும் முரட்டு நைலானாக இருந்தால் ஒவ்வொரு முள்ளும் அதில் கோடு போடும், அந்தச் சத்தம் காய்ந்த இலைக் காட்டில் தூரம் போகும். உள்ளே ரப்பர் பூச்சுள்ள துணி கடைக்குள் மென்மையாக இருக்கும், பூஜ்யத்துக்குக் கீழே போனதும் காகிதம் மாதிரி நொறுங்கும் சத்தம். வாங்குமுன் சோதிக்க வழி: காலிப் பையை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுத்து, நகத்தால் கீறிப் பாருங்கள். வெல்க்ரோ எங்கே இருந்தாலும் மேலே துணி ஒட்டி மூடிவிடுங்கள். ஜிப் இழுப்பான் உலோகம் என்றால் வெட்டி எறிந்துவிட்டு நூல்கயிறு முடிச்சுப் போடுங்கள்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு முதுகில் மாட்டி அதே இடத்தில் பத்து தடவை குதியுங்கள். எது "டங்" என்கிறதோ அதைச் சரிசெய்யாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் அது ஸ்டிக்கின் உலோகப் பக்கிளாகத்தான் இருக்கும்.


தொடங்கியவர், மிச்சிகன்

பையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இழுகயிறு மிச்சம், நேரம் மிச்சம் என்பது அவர்கள் நியாயம். அப்படியானால் பையின் இடுப்புப் பட்டையைக் கவனியுங்கள்.

அது வந்து உட்காருகிற இடம் இடுப்பெலும்பு. சேடிலின் லைன்மேன் வளையங்கள் இருப்பதும் அதே இடம். தடித்த பஞ்சு வைத்த இடுப்புப் பட்டை வளையத்தை மூடிக்கொள்ளும். இருட்டில், கையுறையோடு, குனிந்து பார்க்க முடியாமல், காரபீனரை வளையத்தில் மாட்டுவதாக நினைத்துப் பட்டையின் நுனியில் தைத்திருக்கிற சின்ன நாடாக் காதில் மாட்டுவது இங்கேதான் நடக்கும். மாட்டும்போது "கிளிக்" என்று இரண்டும் ஒரே சத்தம்தான் போடும். சாவிக்கொத்து தொங்கவிடத் தைத்த நாடா மனித எடைக்குத் தாங்காது. அதனால் இடுப்புப் பட்டை கழற்றக்கூடியதாக, அல்லது முதுகுப் பக்கத்துக்குள் செருகக்கூடியதாக இருக்கணும். மரத்தடியில் முதல் வேலை அதைக் கழற்றுவது. மாட்டிய ஒவ்வொரு காரபீனரையும் கண்ணால் பார்த்து, கையால் இழுத்துப் பார்த்த பிறகே தரையை விட்டுக் காலெடுக்கணும்.

14 கிலோவை நடக்கும்போது தோளில் மட்டும் சுமக்க முடியாது. இடுப்புப் பட்டையே இல்லாத பையை அதனால் நான் சொல்லமாட்டேன். சேடிலைக் கட்டிக்கொண்டே நடப்பவர்களுக்கு இதுவே பெரிய தலைவலி, பட்டைமேல் பட்டை. 400, 500 மீட்டருக்குள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் சேடிலைப் பையின் மேல்மூடிக்குக் கீழே வைத்து, மரத்தடியில் கட்டுவதே உடம்புக்கு நல்லது.


ஒற்றை ஸ்டிக் ஆள்

நாலு ஸ்டிக் கணக்கையே பேசிக்கிட்டிருக்கீங்க. ஒரே ஸ்டிக்கை மேல மேல மாத்தி ஏறி, கயிறுல இறங்கறவங்களுக்கு இவ்வளவு பை வேண்டாம். 9 மி.மீ. கயிறு 12 மீட்டர் முக்கால் கிலோ கூட வராது, 2 லிட்டர் இடம். ஸ்டிக் ஒண்ணு, சின்ன பிளாட்ஃபார்ம் ஒண்ணு, இல்லேன்னா ஸ்டிக் தலையிலேயே பிளாட்ஃபார்ம். 3 கிலோ வரைக்கும் குறையும். அக்டோபருக்கு இடுப்புல கட்டற 10, 12 லிட்டர் பையே போதும்.

ஆனா இடுப்புப் பையும் சேடிலும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். பையைத் தோள்ல குறுக்கா போட்டு நடங்க. இறங்கற கயிறுக்குத் தனிப் பை கட்டாயம். அம்பு முனை, கத்தி, கொசு மருந்து எதுவும் அதுக்குள்ள வரக் கூடாது. டீட் கலந்த கொசு மருந்து சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பக்கிள் கெட்டுப்போகும். அதை ஜிப் கவர்ல போட்டு வெளி அறையில வைங்க. நனைஞ்ச கயிறைப் பையிலேயே விட்டு வாரம் கழிச்சு எடுத்தா பூஞ்சை வாசனைதான், வீட்டுக்கு வந்ததும் நிழல்ல காயப் போடுங்க.


புதியவர்

ஒரு சந்தேகம் அண்ணா. மேலே போனதுக்கு அப்புறம் பையை எங்க மாட்டறது? மேல் வாய் திறக்கிறதா, முழுசா விரியிறதா, எது நல்லது?


ஒஹையோ உறுப்பினர்

மரத்தில் தொங்கும்போது முழுதாக விரியும் பை வாயைப் பிளந்து எல்லாவற்றையும் கீழே கொட்டும். ஜிப் முக்கால்வாசிக்கு மேல் இறங்காமல் அடியில் ஒரு பின் போட்டுவிட்டால் அதையே பயன்படுத்தலாம். மேல் வாய்ப் பை பத்திரம், ஆனால் அடியில் கிடக்கிற கையுறைக்காக முழங்கை வரை விடணும். மேலேயும் திறந்து, பக்கத்தில் ஒரு நீள ஜிப்பும் உள்ள பை இரண்டுக்கும் நடுவான தீர்வு.

மாட்டும் இடம்: முழங்கால் உயரத்தில் மாட்டாதீர்கள். சேடிலில் உட்கார்ந்தால் முழங்கால் மரத்தில் அழுத்தும், பை குறுக்கே வரும். டெதருக்குக் கீழே, நெஞ்சு உயரத்தில், மரத்தின் அந்தப் பக்கமாக மாட்டுங்கள். வலக்கைக்காரர் என்றால் வில் இடக்கைக்கு எட்டும்படி இடப்பக்கம், பை வலப்பக்கம் பின்னால். மேல் கைப்பிடி ஒரே தையலில் நின்றால் அதை நம்பாமல், இரண்டு தோள்பட்டையும் சேருகிற இடத்தில் கொக்கியைப் போடுங்கள். 5, 6 கிலோ பை 6 மீட்டரிலிருந்து விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது.


விஸ்கான்சின் உறுப்பினர்

ஏறுவதைவிட இறங்கியபின் கட்டுவதுதான் பைக்கு உண்மையான பரீட்சை. சூரியன் போய் அரை மணி, விரல் மரத்துப்போயிருக்கும், பட்டையெல்லாம் ஈரமாகி விறைத்திருக்கும். காலையில் பத்து நிமிஷத்தில் அழகாகக் கட்டியது அப்போது கைக்கு வராது. ஸ்டிக்கைக் கட்ட நாலு பக்கிள் தேவைப்படும் பையை அதனால் ஒதுக்கிவிடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, அதோடு ஸ்டிக்கின் அடிமுனை உட்கார ஒரு துணிக் குழி. குழியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சூடு காட்டிய ஆணியால் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

மேல் பட்டைக்கு ஒரு நிறம், கீழ்ப் பட்டைக்கு வேறு நிறம். சிவப்பு விளக்கில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும், கறுப்பும் வெள்ளையும் எடுங்கள்.


புதியவர்

புரிஞ்சுது. மானைச் சுமக்கவும் இதே பை ஆகுமா?


பென்சில்வேனியா உறுப்பினர்

சட்டம் உள்ள பைன்னா ஆகும். வளர்ந்த பெண் மான்ல எலும்பு நீக்கின இறைச்சி 15 – 20 கிலோ வரும். அதை சட்டத்துக்கும் பைக்கும் நடுவுல வெச்சுக் கட்டணும், பிளாட்ஃபார்ம் அப்ப பைக்கு வெளியே போகும். ஸ்டிக்கோட சேர்த்து 30 கிலோவைத் தாண்டிடும், ரெண்டு நடையாப் போறது நல்லது. காட்டுலயே வெட்டிப் பிரிக்கலாமா, மானோட தலையும் முதுகெலும்பும் எங்க வரைக்கும் போகலாம்ங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மானோட மூளையைத் தாக்கற சி.டபிள்யூ.டி. நோய் பரவின மாவட்டங்கள்ல இன்னும் கெடுபிடி. அதை சீசனுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க. வாகனம் கிட்டத்துல நின்னா பை எதுக்கு, கொம்பைப் பிடிச்சோ கயிறு கட்டியோ இழுத்துட்டு வந்துடலாம். இழுகயிறு 9 மீட்டர் ஏற்கெனவே கையில இருக்கு.