ஸ்கூலுக்குப் போகாத பிள்ளைகளோடு ஒரு நாள் எப்படி ஓடுகிறது? மும்பை வீட்டு அனுபவங்கள்

முலுண்ட் அம்மா:

ஜூன் பிறந்தால் எங்கள் சொசைட்டி லிஃப்டில் எனக்கு ஒரே கேள்விதான். "கோன்ஸா ஸ்கூல்?" (எந்த ஸ்கூல்?) மற்ற பிள்ளைகள் புது ரெயின்கோட்டும் பையுமாக இறங்கும்போது, என்னுடையது இரண்டும் ரப்பர் செருப்போடு கொத்தமல்லி வாங்கக் கிளம்பினால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். பையனுக்கு 11, பெண்ணுக்கு 7. வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது.

முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். சார்ட் பேப்பரில் நான்கு கலர் ஸ்கெட்ச் பேனாவால் டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். 9 மணிக்குக் கணக்கு, 9.40க்கு இங்கிலீஷ், 10.20க்கு சயின்ஸ். போனில் மணி வேறு. மூன்றாம் நாள் 9.10க்குப் பாத்திரம் தேய்க்க மாவ்ஷி வந்தார், 9.20க்கு கேஸ் சிலிண்டர் வந்தது, 9.30க்குப் பெண்ணுக்குப் பசி வந்தது. பத்து நாளில் நான் கத்திய கத்தலைப் போனில் கேட்ட மாமியார், "இதுக்கு ஸ்கூலே தேவலையே" என்றார். சார்ட்டைக் கழற்றினேன். பின்பக்கம் பெண்ணுக்குப் படம் வரைய ஆயிற்று.

அப்புறம்தான் கவனித்தேன், வீட்டில் ஏற்கெனவே ஒரு டைம்டேபிள் இருக்கிறது. காலை 5.30 முதல் 7 வரை தண்ணீர். 8.21 ஃபாஸ்ட் லோக்கல் ரயிலுக்கு இவர் கிளம்பியாக வேண்டும். பதினொன்றுக்குக் குக்கர். மூன்று மணிக்கு மாட்டுங்காவிலிருந்து என் அம்மாவின் போன். பாடத்தை இதற்கு நடுவில் சொருகினேன். காலையில் கணக்கு, குக்கர் வைக்கும் வரை. மணி பார்க்க வேண்டாம். அரிசி களையும் சத்தம் கேட்டால் பையனே நோட்டை மூடிவிடுவான். மூன்று மணிக்குப் போனில் தமிழ். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அம்மாவிடம் ஒரு பிரிண்ட், இங்கே ஒன்று. பெண் 'வாழை'யை 'வாளை' என்றால் பாட்டி அடுத்த வரிக்குப் போக விடமாட்டார்.

இதில் நான் எதிர்பாராமல் கிடைத்தது மழைமானி. போன ஜூனில் பையன் இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி பால்கனி கிரில்லில் கட்டினான். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்குமே, அதனால் கூழாங்கல் போட்டு, மட்டமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூஜ்யம். வானிலைத் துறை காலை 8.30க்குத்தான் ஒரு நாள் மழைக்குக் கணக்கு முடிக்கும், ஆகவே நாங்களும் 8.30. மும்பையில் அவர்கள் மழை அளக்கும் சாந்தாகுரூஸ், கொலாபா இரண்டின் அளவும் செய்தியில் வரும். பக்கத்தில் எங்கள் அளவை எழுதுவான். முதல் வாரம் எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. மேல் வீட்டு சன்ஷேடு மறைத்திருக்கிறது. பிறகு ஒரு நாள், சொட்டு மழை இல்லை, பாட்டிலில் 9 மி.மீ.! ஒரு மணி நேரம் யோசித்தான். நான் வாயைத் திறக்கவில்லை (என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்). கடைசியில் தண்ணீரை முகர்ந்துவிட்டு, "அம்மா, சோப்புப் பவுடர் வாசனை" என்றான். மேல் வீட்டில் பெட்ஷீட் காயப்போட்டிருந்தார்கள்.

இனி பாட்டிலை மொட்டைமாடியில்தான் வைக்க வேண்டும். அதன் சாவி சொசைட்டி செக்ரட்டரியிடம் இருக்கிறது. பையனே போய்க் கேட்டான். "ஸ்கூல் நஹீ ஜாதா?" (ஸ்கூலுக்குப் போவதில்லையா?) என்று ஆரம்பித்தவர், பாட்டிலைப் பார்த்ததும் 2005 ஜூலை 26 மும்பை வெள்ளக் கதைக்குத் தாவிவிட்டார். அன்று சயானிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடக்கத் தொடங்கி விடியும்போதுதான் முலுண்ட் வந்து சேர்ந்தாராம். அந்த ஒரு நாளில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பையன் வீட்டுக்கு வந்து சுவரில் 944க்குப் பென்சில் கோடு போட்டு, தங்கையை நிறுத்திப் பார்த்தான். நெஞ்சு வரை வந்தது. அதே நாளில் கொலாபாவில் 73தான். ஒரே ஊரில் அது எப்படி என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. கோட்டையும் அழிக்க விடவில்லை.

செம்பூர் அப்பா:

சோப்புப் பவுடர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு தாண்டட்டும், சொந்தக்காரர்கள் "சர்டிபிகேட்டுக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் பெண் பத்தாவதை என்.ஐ.ஓ.எஸ்.ஸில், அதாவது ஸ்கூலுக்குப் போகாமலே தேர்வு எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், எழுதினாள். 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து பாடம். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்தில் இரண்டு தடவை தேர்வு நடக்கும். பதிவு ஐந்து வருடம் செல்லும். அவள் முதலில் தமிழும் ஹோம் சயின்ஸும் முடித்துவிட்டு, அடுத்த தடவை மீதி மூன்றை எழுதினாள். ஆமாம், தமிழ் அதில் ஒரு பாடமாகவே இருக்கிறது.

அசைன்மெண்ட் கொடுக்கப் போனபோது ஸ்டடி சென்டரில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "எதில் ஃபெயில்?" என்றார். "இன்னும் எதிலும் இல்லை அங்கிள், இதுதான் என் முதல் பரீட்சை" என்றாள். எனக்குப் பெருமைதான், ஆனால் அந்தப் பெருமையில் ரசீது வாங்க மறந்துவிட்டேன். ஒரு அசைன்மெண்ட் காணாமல் போய், பாவம், மறுபடி உட்கார்ந்து எழுதினாள். அதற்கும் மார்க் உண்டு, அலட்சியமாக இருக்காதீர்கள்.

டோம்பிவிலி அம்மா:

நான் எதிர்ப்பாட்டு. எங்களால் ஒன்பது மாதம்தான் முடிந்தது. ஒரே பையன், எனக்கு வீட்டிலிருந்தபடியே கால் சென்டர் வேலை. படிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாயங்காலம் நாலரைக்கு ஸ்கூல் பஸ் கேட்டில் வந்து நிற்கும். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களை எண்ணுவான். ஒரு நாள் நான் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும்போது வந்து, "அம்மா, இன்னைக்குப் பதினாலு பேர்" என்றான். அந்த வாரமே ஸ்கூல் தேட ஆரம்பித்தேன்.

ஒரு வகுப்பு கீழேதான் சேர்ப்போம் என்றார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்றுதானே சொல்கிறது என்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்கள். இப்போது சந்தோஷமாகத்தான் போகிறான். கணக்கு மட்டும் வீட்டில் வந்த அளவுக்கு அங்கே வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முலுண்ட் அம்மா:

டோம்பிவிலி, பதினாலு பேர் என்றதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. இங்கே இரண்டு பேராக இருப்பதால் தப்பித்தோம் என்று நினைக்கிறேன். ஐந்து முதல் ஏழு வரை எதையும் வைப்பதில்லை, கீழே கிரிக்கெட். மழையில் அதுவும் போச்சு, பார்க்கிங்கில் கேரம். செம்பூர் சார், ரசீதைக் குறித்துக்கொண்டேன்.

இன்று மாடியில் 62 மி.மீ. செக்ரட்டரி லிஃப்டில் ஸ்கூலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். பையனைப் பார்த்தால், "ஆஜ் கித்னா?" (இன்னைக்கு எவ்வளவு?) என்கிறார்.