வார்னிஷ் அடித்தபின் மினியேச்சர் முழுவதும் வெண்மூட்டம்: வண்ணத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

செம்பூர் தூரிகை:

அனைவருக்கும் வணக்கம். ஐந்து வாரங்களாக அலுவலகம் முடிந்து வந்தபின் மாலைகளில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய ஓர் இடைக்கால வீரனின் உருவம், நேற்று பத்தே நிமிடங்களில் சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல வெளுத்துவிட்டது. அக்காள் மகன் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைப்பாத்திர ஆட்டத்தில் அவனுடைய பாத்திரத்துக்காகச் செய்து தருவதாகச் சொன்ன உருவம் இது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்தாக வேண்டும் என்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

உருவம் 28 மி.மீ. அளவைச் சேர்ந்தது. உடல் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தலை வேறு இடத்தில் வாங்கிய ரெசின். வாள் பிடித்திருந்த வலக்கையை வெட்டியெடுத்து, வேறொரு பெட்டியில் மிஞ்சியிருந்த விளக்கேந்திய கையைப் பொருத்தினேன். வெறும் பசை தாங்காது என்று தோன்றியதால், இரு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டு, ஜெம் கிளிப்பை நறுக்கிய கம்பித் துண்டை உள்ளே செருகி ஒட்டினேன். தோளிலிருந்து தொங்கும் மேலாடை முழுவதும், மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும் எபாக்சி புட்டியில் நானே வார்த்தது. கேடயத்தில் பாண்டியரின் இரட்டைக் கயலை எழுதினேன்.

நேற்று மழை சற்று விட்டிருந்த வேளையில் மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்று, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை மூன்று முறை அடித்தேன். ஈரமாக இருக்கும்வரை எல்லாம் நன்றாகவே தெரிந்தது. காயக் காய மேலாடையின் அரக்குச் சிவப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு சாம்பல் பூத்துப் போயிற்று. தெருமுனை வன்பொருள் கடையில் கேட்டபோது, தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போய்விடும் என்றார்கள். துடைத்துப் பார்க்கலாமா?

மாட்டுங்கா மேசை:

தயவுசெய்து தின்னரைத் தொடாதீர்கள். கடைக்காரர் மரத்தையும் இரும்பையும் மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். அந்தத் திரவத்தில் உள்ள கரைப்பான்கள் வார்னிஷோடு நின்றுவிடாமல், அடியிலிருக்கும் அக்ரிலிக் வண்ணத்தையும் அதற்கும் கீழே இருக்கும் பாலிஸ்டைரீனையும் சேர்த்தே இளக்கிவிடும். முகத்தின் மூக்கும் சங்கிலிக் கவசத்தின் வளையங்களும் வழுவழுவென்று ஆகிவிட்டால் அவற்றை மீட்க எவராலும் இயலாது.

வெளுப்பு என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரே நோய் அல்ல என்பதால், மருந்து சொல்வதற்கு முன் நான்கு செய்திகள் தெரிய வேண்டும். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் உருவம் எங்கே இருந்தது? டப்பாவை எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள்? கேடயத்தை வண்ணம் தீட்டுவதற்கு முன் ஒட்டினீர்களா, பின் ஒட்டினீர்களா? வெளுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறதா?

இன்னொன்றும் செய்து பாருங்கள். சுத்தமான தூரிகையில் வெறும் தண்ணீரைத் தொட்டு, மேலாடையின் பின்பக்கக் கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லத் தடவி, ஈரமாக இருக்கும்போது என்ன தெரிகிறது, காய்ந்தபின் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

டோம்பிவிலி தாத்தா:

தம்பி, மனம் தளர வேண்டாம். எனக்கு 62 வயதாகிறது. இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். இதே வெளுப்பை இரண்டு உருவங்களில் ஆலிவ் எண்ணெய் கொண்டு போக்கியிருக்கிறேன். தூரிகை நுனியில் ஒரு துளி எடுத்து, மிக மெல்லியதாகத் தேய்த்து, மிஞ்சியதை மென்மையான துணியால் ஒற்றியெடுத்துவிட்டால் நிறம் திரும்பி வந்துவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுத்துவிட வேண்டாம்; அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையக்கூடியது, சனவரி இரவுகளில் மடிப்புகளுக்குள் வெண்மையாகக் கட்டிக்கொள்ளும்.

செம்பூர் தூரிகை:

இருவருக்கும் மிக்க நன்றி. தின்னரை மூடி வைத்துவிட்டேன்.

மாட்டுங்கா அவர்கள் கேட்டவற்றுக்கு விடை: மழைக்காலத்தில் வண்ணம் சீக்கிரம் காயாததால், உருவத்தை இரவு முழுவதும் ஏசி அறையில் வைத்திருந்தேன், காலையில் அங்கிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோய் உடனே அடித்தேன். டப்பாவை அரை நிமிடம் குலுக்கியிருப்பேன். கேடயத்தைத் தனியே வண்ணம் தீட்டிவிட்டு, முந்தைய நாள் மாலையில்தான் உடனடிப் பசையால் ஒட்டினேன். தூசி படாமலிருக்க, ஒட்டிய கையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவைத்தேன்.

தண்ணீர் சோதனையில் நடந்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஈரம் பட்ட இடத்தில் அரக்குச் சிவப்பு அப்படியே, நான் தீட்டிய மடிப்பு நிழல்களோடு தெரிந்தது. காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிட்டது. வெளுப்பு உடல் முழுவதும் ஏறக்குறைய சீராகவே இருக்கிறது. ஆனால் கேடயத்தில் மட்டும் வேறு மாதிரி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, மேல் கயலின் வாலுக்கு அருகே வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. அவை என் கட்டை விரலின் ரேகைகள் என்பதில் ஐயமே இல்லை. நடுவில் சிறுவயதில் அரிவாள்மணையில் பட்ட வெட்டுத் தழும்பு கூட அப்படியே விழுந்திருக்கிறது.

மாட்டுங்கா மேசை:

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்கள் உருவத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு வெளுப்புகள்.

முதலாவது, உடல் முழுவதும் பரவியது. வார்னிஷின் கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. டப்பாவிலிருந்து விரிந்து வெளிவரும் வாயுவும் குளிர்ச்சியாகவே வந்து விழுகிறது. சூலை மாத மும்பைக் காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளாகப் படிந்து, பூச்சு இறுகுவதற்குள் அதில் சிக்கிக்கொண்டு நுண்ணிய குழிகளை விட்டுச் செல்கிறது. போதாக்குறைக்கு, ஏசி அறையின் குளிர்ச்சியோடு உருவத்தை நேரே வெளியே கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதல்லவா, அதே மங்கல் உங்கள் வீரன் மேல் வார்னிஷுக்கு முன்பே படிந்திருக்கக்கூடும். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படும் நுண்துகள்கள் அடியில் தங்கிவிடும் இயல்புடையவை என்பதால், அரை நிமிடக் குலுக்கலும் போதாது. உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கியபின் குறைந்தது இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

வண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தண்ணீரே உங்களுக்குக் காட்டிவிட்டது. அம்மிக்கல் காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், நனைந்தால் கன்னங்கரேலென்றும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். குழிகளில் நீர் நிரம்பியதும் ஒளி சிதறாமல் நேரே உள்ளே போய்த் திரும்புகிறது. தாத்தா அவர்கள் சொன்ன எண்ணெயும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அந்த எண்ணெய் முழுவதும் காய்ந்து இறுகாது. அதன் மேல் பின்னால் எந்த வண்ணமும் வார்னிஷும் சரியாகப் பிடிக்காது. கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் உருவத்துக்கு அது போதும். ஒரு சிறுவனின் கையில் வாரந்தோறும் புழங்கப்போகும் உருவத்துக்கு, குழிகளை நிரந்தரமாக நிரப்பும் கிளாஸ் (gloss) வார்னிஷை, அதாவது பளபளப்பாகக் காயும் வார்னிஷையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, கேடயத்தில் இருப்பது. அது வார்னிஷ் செய்த குற்றமே அல்ல. உடனடிப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட் இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி, அருகிலுள்ள பரப்புகளில் ஈரத்தோடு சேர்ந்து வெண்பொடியாகப் படியும். விரல் பட்ட இடங்களில் அது இன்னும் விரும்பிப் படியும். தடயவியல் துறையினர் பொருள்களில் மறைந்திருக்கும் கைரேகைகளைத் தெரியவைக்க, மூடிய பெட்டிக்குள் இதே பசையின் ஆவியைத்தான் செலுத்துகிறார்கள். டப்பாவைக் கவிழ்த்து மூடி, அறியாமலேயே அப்படியொரு பெட்டியை நீங்கள் அமைத்துவிட்டீர்கள். இந்தப் படிவு வார்னிஷுக்கு அடியில் இருப்பதால் கிளாஸ் பூச்சு அதை ஓரளவு மங்கச் செய்யலாமே தவிர முழுவதும் போக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேடயத்தை மறுபடியும் எழுதத்தான் வேண்டியிருக்கும்.

செம்பூர் தூரிகை:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. கிளாஸ் வார்னிஷை எப்படிப் பூசுவது? பூசியபின் வீரன் பொம்மைக்கடைப் பொம்மை போல மினுங்கமாட்டானா? சங்கிலிக் கவசத்தின் வெள்ளி மினுமினுப்பு முன்பே செத்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?

மாட்டுங்கா மேசை:

ஸ்ப்ரே வேண்டாம், நீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள். தண்ணீர் சோதனை செய்த அதே பின் ஓரத்தில் முதலில் பூசி, காய்ந்தபின் நிறம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குச் செல்லுங்கள். தூரிகையை நனைத்து, காகிதத்தில் ஒருமுறை ஒற்றிவிட்டு, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்து, மடிப்புகளின் பள்ளத்தில் தேங்குவதை வெறும் தூரிகையால் உடனே உறிஞ்சி எடுங்கள். மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரம் போதும். இந்தப் பருவத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுவது நல்லது. ஏசி அறையில் காயவைக்கலாம், ஏனெனில் அங்கே காற்றில் ஈரம் குறைவு.

மினுங்கத்தான் செய்யும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதற்கு மேல், நன்றாகக் கலக்கிய மேட் வார்னிஷைத் தூரிகையாலேயே மெல்லிய இரண்டு பூச்சாகக் கொடுத்தால் மினுக்கம் அடங்கிவிடும். மேட் வார்னிஷ் பள்ளங்களில் தேங்கினால் அங்கே வெள்ளையாகக் காயும் என்பதை மட்டும் மறவாதீர்கள். சங்கிலிக் கவசத்தையும் விளக்கையும் இந்தக் கடைசிப் பூச்சிலிருந்து விலக்கிவிடுங்கள். உலோகத்துக்கு உயிரே அதன் பளபளப்புதான் என்பது என் உறுதியான கருத்து. எல்லாவற்றையும் ஒரே மேட்டாக ஆக்கிவிடும் வழக்கத்தை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன். துணி துணியாகவும் இரும்பு இரும்பாகவும் தெரிய வேண்டும்.

டோம்பிவிலி தாத்தா:

மாட்டுங்கா சொல்வது சரி. என் இரண்டு உருவங்களும் பேழைக்குள் இருப்பவை. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி.

செம்பூர் தூரிகை:

வெள்ளிக்கிழமை இரவு எழுதுகிறேன். மேலாடை முழுவதும் மீண்டுவிட்டது. கிளாஸ் பூச்சின் முதல் இழுப்பிலேயே சிவப்பு எழுந்து வந்தபோது என் அக்காளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகமும் சரியாகிவிட்டது. இடைக்கச்சைக்கு அடியில் மட்டும் முடி பருமனில் ஒரு வெள்ளைக் கோடு விடாப்பிடியாக நின்றதால், நீர்த்த பழுப்பு வண்ணத்தை அந்தப் பள்ளத்தில் ஓடவிட்டு மறைத்தேன்.

கேடயத்தில் ரேகை மங்கியதே தவிரப் போகவில்லை. அக்காள் மகனிடம் காட்டினேன். மேல் கயலை மறுபடி எழுதலாம், ஆனால் கேடயத்தின் விளிம்பருகே தெரியும் பாதி ரேகையை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனுடைய வீரனின் மேல் மாமாவின் விரல் இருக்கட்டும் என்றான். எனவே, அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, மீனின் வாலையும் கண்ணையும் மட்டும் புதிதாக எழுதியிருக்கிறேன். நாளை மேட் வார்னிஷின் இரண்டாம் பூச்சு. இந்த முறை டப்பாவால் மூடவில்லை.